ஜெயபாண்டியின் முதல் தடவை

"மெதுவா விடுங்க மேடம், மெதுவா, மெதுவா" என்று சோலைராஜ் சொல்லி முடிப்பதற்குள் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது, பின்னால் வந்த ஆட்டோக்காரன் ஹாரனிலேயே திட்டிவிட்டு ஒதுங்கிப் போனான், நசீமா பானு நாக்கைக் கடித்துக்கொண்டு "ஸாரி மாஸ்டர், கிளட்சை டக்குனு விட்டுட்டேன்" என்றார். மாஸ்டர். மதுரையில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவனுக்கும் மாஸ்டர் என்றுதான் பெயர், டீ ஆற்றுகிறவனுக்கும் மாஸ்டர் என்றுதான் பெயர், இத்தனை வருஷத்தில் அது அவனை உறுத்தியதே இல்லை, இன்றைக்கு உறுத்தியது. பதினோரு மணிக்குக் கோர்ட்டில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அங்கே மாஸ்டர் எல்லாம் கிடையாது, சோலைராஜ், தகப்பன் பெயர் இன்னது, மது அருந்தி வாகனம் ஓட்டியவர், அவ்வளவுதான். கூப்பிடும்போது இந்தச் சட்டை வேர்த்து முதுகோடு ஒட்டியிருக்குமோ, வேறு சட்டை எடுத்து வந்திருக்கலாமோ, ஜெயிலுக்குப் போகிறவனுக்குச் சட்டை எதற்கு, ஜெயில் என்று யார் சொன்னது, வக்கீல் அப்படிச் சொல்லவில்லையே, போகலாம் என்றுதான் சொன்னார், 'ரெண்டு வருஷம் வரைக்கும் போகலாம்', இந்தப் போகலாம் இருக்கிறதே, இதைப்போல மனுஷனைத் தூங்கவிடாத வார்த்தை வேறு கிடையாது. "நியூட்ரல் பண்ணுங்க, ஸ்டார்ட் பண்ணுங்க, ஃபர்ஸ்டு போடுங்க." நசீமா பானு செய்தார். கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்கிறவர், பார்லர் வைத்திருக்கிறார், மண்டபம் மண்டபமாகப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் அலைந்து அலுத்துப்போய் நாற்பத்தைந்து வயதில் ஓட்டப் பழகுகிறார். ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கிற பிடியைப் பார்த்தால் யாரோ பிடுங்கிக்கொண்டு ஓடப்போகிறார்கள் என்று பயப்படுகிற மாதிரி இருந்தது. ஐயர் பங்களாவிலிருந்து வண்டி நகர்ந்தது. சோலைராஜின் இடது கை தன்னையறியாமல் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தது. அங்கே லைசென்ஸ் இல்லை, அன்றைக்கே போலீஸ் வாங்கி வைத்துக்கொண்டாயிற்று. டிரைவிங் ஸ்கூல் ஓனர் அம்புரோஸ் சாரிடம் ரினியூவலுக்குக் கொடுத்திருக்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறான். அவரும் நல்ல மனுஷர், நம்பிவிட்டார். நம்புகிறவர்களிடம் பொய் சொல்வதுதான் கஷ்டம், நம்பாதவர்களிடம் சொல்லும்போது ஒன்றும் தெரிவதில்லை.

அன்றைக்கு அந்த சப் இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. நம்புகிற மாதிரிதான் இவன் போய் நின்றான். விடிந்து வெயில் ஏறியாகிவிட்டது, தலைக்குக் குளித்திருந்தான், நெற்றியில் திருநீறு, வயிற்றில் நாலு இட்லி, வாயில் ஒரு கிராம்பு, ஒத்தக்கடையில் தங்கச்சி வீட்டிலிருந்து வகுப்புக்கு நேரமாகிவிட்டதே என்று பைக்கில் வந்துகொண்டிருந்தவனை ஓரங்கட்டச் சொன்னார்கள். ஊது என்றார்கள். ஊதினான். பயமே இல்லாமல் ஊதினான், பிறந்தநாள் கேக்கில் மெழுகுவர்த்தி ஊதுகிறவன் மாதிரி. மெஷினைப் பார்த்த போலீஸ்காரர் இன்னொரு போலீஸ்காரரிடம் காட்டினார். "சார், நேத்து ராத்திரி சாப்பிட்டது சார், தூங்கி எந்திரிச்சுக் குளிச்சிட்டு வர்றேன், இப்ப ஒண்ணுமில்ல சார்" என்று இவன் சொன்னதும் சப் இன்ஸ்பெக்டர் சிரிக்காமல் சொன்னார், "உனக்கு விடிஞ்சிருச்சுய்யா, உன் ரத்தத்துக்கு இன்னும் விடியலை." நூறு மில்லி ரத்தத்தில் முப்பது மில்லிகிராம், அதைத் தாண்டினால் கேஸ். அது இவனுக்குத் தெரியாததா, எல்.எல்.ஆர். பரீட்சைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொடுக்கிறவனே இவன்தானே. கம்ப்யூட்டரில் குடியைப் பற்றிக் கேள்வி வந்தால் யோசிக்கவே யோசிக்காதீங்க, எது ரொம்பக் கடுமையா இருக்கோ அந்த விடையை அமுக்குங்க என்று சொல்லி எத்தனை பேரைப் பாஸ் பண்ண வைத்திருக்கிறான். இத்தனை சொல்லிக்கொடுத்தவனுக்கு ராத்திரி குடித்தது காலையிலும் உள்ளே உட்கார்ந்திருக்கும் என்பது மட்டும் தெரியவில்லை. குளித்தால் போய்விடும், இட்லி தின்றால் போய்விடும் என்று இருந்தான். திருநீறு பூசினால் கூடவா போகாது என்று அந்த நேரத்தில் நிஜமாகவே நினைத்தான், இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. "செகண்டு போடுங்க மேடம். இஞ்சின் கத்துது பாருங்க, செகண்டு கேக்குது." நசீமா பானு கியரைத் தேடினார். "கீழ பாக்காதீங்க, ரோட்டைப் பாருங்க." கீழே பார்க்காதே, ரோட்டைப் பார், நல்ல வாய்தான், சொல்ல மட்டும் நன்றாக வருகிறது.

குடிக்கிறவனும் இல்லை இவன். வருஷத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ, அதுவும் யாராவது கையைப் பிடித்து இழுத்தால். அன்றைக்கு இழுத்தது தங்கச்சி வீட்டுக்காரன் ஜெயபாண்டி. மருமகள் தர்ஷிகாவுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள், பிள்ளை கதறக் கதற இவன் இரண்டு கையாலும் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தான், ஆசாரி குத்தி முடித்ததும் அது அழுகையோடு அழுகையாக இவன் கழுத்தையே கட்டிக்கொண்டு தோளில் மூக்கைத் துடைத்தது, வலிக்க வைத்தவன் மேலேயே சாய்ந்து அழுகிற வயது அது, அந்த ஈரம் காய்வதற்குள் இவனுக்குக் கண் கலங்கிவிட்டது. சாயங்காலம் கிடா விருந்து. பந்தலுக்குப் பின்னால் ஜெயபாண்டி டம்ளரை நீட்டினான். "மச்சான், என் பிள்ளைக்கு மடி குடுத்திருக்கீங்க. நீங்க வாங்கலைன்னா நான் இலையில கை வைக்க மாட்டேன், சொல்லிப்புட்டேன்." வாங்கினான். ஒன்றோடு விடவில்லை. ஊற்றுவதில் ஜெயபாண்டிக்கு ஒரு கை, டம்ளர் காலியாகிறதையே நாம் பார்க்க முடியாது. சந்தோஷமாகத்தான் குடித்தான், அதை ஏன் மறைக்க வேண்டும், ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்துச் சிரித்து விலா வலித்தது. "லெஃப்டுல ஒட்டாதீங்க மேடம், அந்தத் தள்ளுவண்டியைப் பாத்துக்கங்க." வண்டி தள்ளுவண்டியின் கொய்யாப்பழங்களுக்கு ரொம்பக் கிட்டத்தில் போயிற்று. சோலைராஜ் தன் பக்கத்து பிரேக்கை அமுக்கினான். டிரைவிங் ஸ்கூல் வண்டியில் இடது பக்கம் உட்காருகிறவனுக்கும் ஒரு பிரேக்கும் ஒரு கிளட்சும் உண்டு, பழகுகிறவர்கள் தாங்களே நிறுத்தியதாக நினைத்துக்கொள்வார்கள், இவனும் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவான். "நல்லா நிறுத்துனீங்க மேடம்" என்றான்.

இரண்டாவது தடவை. சம்மன் வந்த அன்றைக்கு வக்கீல் பெஞ்சமின் பழைய கேஸ் ஏதாவது உண்டா என்று கேட்டபோது இவன் இல்லை என்று தலையாட்டியிருக்கலாம், ஆட்டியிருந்தாலும் கம்ப்யூட்டரில் வந்துவிடும் என்றார் அவர். "முதல் தடவைன்னா பத்தாயிரம் அபராதம், இல்ல ஆறு மாசம் வரைக்கும் உள்ள, இல்ல ரெண்டும். பெரும்பாலும் அபராதத்தோட விட்டுருவாங்க, லைசென்ஸைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வைப்பாங்க. ரெண்டாவது தடவைன்னா பதினஞ்சாயிரம், ரெண்டு வருஷம் வரைக்கும் போகலாம், லைசென்ஸையே ரத்து பண்ணச் சொல்லி எழுதிருவாங்க. அபராதம் கொஞ்சந்தான் கூடுது, அதைப் பாக்காத, இந்தப் பக்கம் கூடுறதைப் பாரு." இவன் பார்த்தான். லைசென்ஸ் போனால் இந்த இடது சீட்டும் போயிற்று, இதைத் தவிர இவனுக்கு ஒரு வேலையும் தெரியாது, வீட்டில் மனைவி இந்திராணி சொல்லிக்காட்டமாட்டாள், அவள் சொல்லிக்காட்டாமல் இருப்பதுதான் தாங்காது. ஆனால் அந்த முதல் தடவை இவனுடையதே இல்லையே. மூணு வருஷத்துக்கு முன்னால் இவனுடைய பைக்கை எடுத்துக்கொண்டு போனவன் ஜெயபாண்டி, குடித்தவன் ஜெயபாண்டி, ஊதினவன் ஜெயபாண்டி, மாட்டியதும் சீட்டுக்கு அடியில் கிடந்த இவனுடைய லைசென்ஸை எடுத்து நீட்டினவனும் அவன்தான். பழைய போட்டோ, இரண்டு பேருக்கும் ஒரே மீசை, கூட்டமான ராத்திரி, எழுதிக்கொண்டு வண்டியைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். மறுநாள் ஜெயபாண்டியின் அம்மா வந்து இவன் கையைப் பிடித்துக்கொண்டாள். மகனுக்கு அரசாங்க வேலைக்குப் பேர் வந்திருக்கிற நேரம், கேஸ் கீஸ் என்று ஆனால் எல்லாம் பாழாகிவிடும், உன் தங்கச்சி வாயும் வயிறுமாக இருக்கிறாள், நீ போய் நின்றால் அபராதத்தோடு முடிந்துவிடும் தம்பி. தங்கச்சி சுகுணா கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள், வெளியே வரவில்லை. வீட்டு மாப்பிள்ளையாயிற்றே என்று இவன் போனான். நான்தான் ஐயா, இனிமேல் செய்ய மாட்டேன் ஐயா. செய்யாததை இனிமேல் செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து கோர்ட் வாசலில் கரும்புச்சாறு குடித்தான், ஏதோ தியாகம் செய்துவிட்ட மாதிரி நெஞ்சு நிமிர்ந்திருந்தது. அந்த வேலையும் ஜெயபாண்டிக்குக் கிடைக்கவில்லை, அது வேறு கதை.

மூன்றுமாவடி வந்துவிட்டது. "மாஸ்டர், நேரா போகவா, திரும்பவா?" "நேரா. புதூர் வழியா போவோம். இன்னைக்கு மெயின் ரோடு பழகிக்கங்க." அப்படிச் சொன்ன பிறகுதான் தன் வாய் வண்டியைக் கோர்ட் பக்கமே விட்டுக்கொண்டிருக்கிறது என்று அவனுக்கு உறைத்தது. வகுப்பு முடிந்ததும் நசீமா பானுவை அவர் பார்லரில் விட்டுவிட்டு, வண்டியை ஸ்கூலில் போட்டுவிட்டு, பேங்குக்குப் போகிறேன் என்று அம்புரோஸ் சாரிடம் சொல்லிவிட்டு, பஸ் பிடித்துப் போவதாகத்தான் ஏற்பாடு. சரி, ஒரு வட்டம் அடித்துத் திரும்பிவிடலாம். உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று வக்கீலிடம் ஒருமுறை கேட்டான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சொல்லலாம். பழைய கேஸைத் திரும்பத் தோண்டணும். அவனைக் கொண்டாந்து நிறுத்தணும். கோர்ட்டுல பொய் சொன்னேன்னு நீயே உன் வாயால சொல்ற, அதுக்கு உன் மேலயும் வேற கேஸ் வரலாம். இதெல்லாம் தாங்குவேன்னா சொல்லு, இல்லைன்னா கேட்டதுக்கு ஆமான்னுட்டு வாயை மூடிக்கிட்டு நில்லு." ஆமா. எதற்கு ஆமா. இது இரண்டாவது தடவையா என்று கேட்டால் ஆமா என்பது பொய், இல்லை என்பதும் அவர்கள் கையிலிருக்கிற காகிதத்தின்படி பொய், பொய்யே சொல்லாமல் அந்தக் கூண்டில் நிற்க முடியாதபடி இவனே மூணு வருஷத்துக்கு முன்னால் பாதையை அடைத்து வைத்திருக்கிறான். ராத்திரியெல்லாம் இதிலேயே சுற்றிச் சுற்றி வந்தான், கிரவுண்டில் எட்டுப் போடுகிறவன் மாதிரி, கால் ஊன்றினால் ஃபெயில். பக்கத்தில் இந்திராணி தூங்கவில்லை என்பது அவள் மூச்சிலேயே தெரிந்தது. அவளும் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை.

கேட்க வேண்டியதை அவள் போன ஞாயிற்றுக்கிழமையே கேட்டுவிட்டாள், அதுவும் கேட்க வேண்டிய இடத்திலேயே. இரண்டு பேரும் ஒத்தக்கடையில் ஜெயபாண்டி வீட்டுக்குப் போயிருந்தார்கள், காப்பி கொடுத்தார்கள், முறுக்கு வைத்தார்கள், யாரும் பேச்சை எடுக்கவில்லை, கடைசியில் இந்திராணிதான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஆரம்பித்தாள். "அண்ணே, அன்னைக்கு உங்க தப்பை இவரு பேர்ல போட்டுக்கிட்டாரு. இன்னைக்கு இவரு தப்பை நீங்க உங்க பேர்ல போட்டுக்கங்க. உங்க பேர்ல ஒரு கேஸும் இல்லையே, உங்களுக்கு இது முதல் தடவையாத்தான வரும், அபராதத்தோட போயிரும்." அப்படியெல்லாம் மாற்ற முடியாது என்று வக்கீல் பின்னால் கேட்டுச் சிரிசிரி என்று சிரித்தார், போலீஸில் போட்டோவே எடுத்து வைத்திருக்கிறார்களே. ஆனால் அன்றைக்கு அந்தக் கூடத்தில் யாருக்கும் அது சிரிப்பாகத் தெரியவில்லை. அவசரத்துக்கு ஒரு வீட்டு நகையை இன்னொரு வீடு வாங்கி அடகு வைக்கிறதில்லையா, அதேபோல இவனுடைய முதல் தடவையை அவர்கள் வாங்கிச் செலவழித்தார்கள், இப்போது அவர்களுடையதைத் திருப்பிக் கேட்கிறோம், நியாயமாகத்தான் இருந்தது. ஜெயபாண்டி தலையைக் குனிந்துகொண்டு கால் கட்டைவிரலைத் தரையில் தேய்த்தான். அவன் அம்மாதான் வாயைத் திறந்தாள். "அதெப்படித்தா முடியும். அவனுக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதான. அதையும் இப்பவே குடுத்துட்டா, நாளைக்கு அவனுக்கு ஒண்ணுன்னா என்ன பண்றது?" அவ்வளவுதான். இந்திராணி எழுந்துவிட்டாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் "வெளங்காத குடும்பம்" என்று ஒரே வார்த்தை. இவனுக்கும் எரிந்தது. கஞ்சத்தனம், நன்றி கெட்டதனம், இவன் போய்த் தலையைக் கொடுத்தபோது இனித்தது, இப்போது கசக்கிறது. நாலு நாளாக அந்தக் கிழவியோடு மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டே இருக்கிறான், குளிக்கும்போது, கியர் சொல்லிக்கொடுக்கும்போது, சாப்பிடும்போது. ஒவ்வொரு தடவையும் இவன்தான் ஜெயிக்கிறான், ஜெயித்தும் ஆறவில்லை.

"மாஸ்டர், வாடகைக்கு ஆள் வெச்சா குடிச்சிட்டு வந்து நிக்கிறான் மாஸ்டர், அதான் நானே பழகிக்கிடலாம்னு" என்று நசீமா பானு ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார், மெயின் ரோட்டுப் பயம் போவதற்காக ஏதோ பேசுகிறார். "போன முகூர்த்தத்துக்கு ஒருத்தன் வந்தான். கேட்டா, ஒண்ணுமில்லக்கா, லேசாத்தான்ங்கிறான். பின்னாடி என் பிள்ளைக ரெண்டும் உக்காந்துருக்கு. வழி பூரா எனக்கு உசுரே இல்ல." சோலைராஜ் ம் என்றான். பின்னாடி பிள்ளைகள். புதூர் பஸ் ஸ்டாண்டுக் கூட்டத்தில் வண்டி ஊர்ந்தது, கிளட்ச் வாசம் வந்தது, அந்த வாசத்தோடு அந்தக் கிழவியின் குரல் திரும்ப வந்தது, நாளைக்கு அவனுக்கு ஒண்ணுன்னா. இத்தனை நாளாக 'குடுத்துட்டா' என்பதோடுதான் இவன் சண்டை போட்டுக்கொண்டிருந்தான். 'நாளைக்கு' என்றாளே, அதை இவன் காதிலேயே வாங்கவில்லை. நாளைக்கு என்ன. பெற்றவளுக்குத் தெரியும், நாளைக்கும் மகன் குடிப்பான், குடித்துவிட்டு வண்டியை எடுப்பான், மாட்டுவான், அப்போது கையில் ஒரு முதல் தடவை பத்திரமாக இருக்க வேண்டும். தீபாவளிச் சேலையை மடித்து வைக்கிற மாதிரி அதை மடித்து வைத்திருக்கிறாள். மாட்டினால்தானே. மாட்டாமல் ஓட்டுகிற நாளெல்லாம்? ஜெயபாண்டி வண்டியில் பின்னால் உட்காருகிறவள் யார். டேங்க் மேலே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்காருகிற பிள்ளை யார். சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் அவர்கள் போவது எதில். அன்றைக்கு அவனே போய் நின்றிருந்தால் அபராதம் கட்டியிருப்பான், லைசென்ஸைப் பிடுங்கி வைத்திருப்பார்கள், கொஞ்சமாவது பயம் வந்திருக்கும், அந்தப் பயத்தை இவன் போய் ஏற்றுக்கொண்டு வந்து கரும்புச்சாறு குடித்தான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, வண்டியை எடுத்தான், ஓட்டினான், ஓட்டிக்கொண்டே இருக்கிறான். தங்கச்சியைக் காப்பாற்றிவிட்டோம் என்றுதானே இவன் நினைத்தான், அடப்பாவி, அவளைக் கொண்டுபோய் அந்த வண்டியில் ஏற்றி உட்கார வைத்ததே இவன்தான். வியர்த்துவிட்டது. ஏசியைக் கூட்டினான். ஏசி ஏற்கனவே கடைசியில்தான் இருந்தது.

காலையிலிருந்து சுகுணா இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டாள், எடுக்கவில்லை. என்ன சொல்லப்போகிறாள், அவர் பேரைச் சொல்லிராதண்ணே என்று அழுவாள், அழுதால் இவனுக்குத் தாங்காது, சரித்தா என்று சொல்லிவிடுவான், சொல்லிவிட்டால் அப்புறம் மாற முடியாது. அவர் பேரைச் சொன்னால் அந்தக் கிழவி இவளை வீட்டில் வைத்திருப்பாளா, புருஷனைக் காட்டிக்கொடுத்தவன் தங்கச்சி என்று பிள்ளையோடு அனுப்பிவிட்டால், அனுப்பினால் வரட்டும், இவன் ஜெயிலில் இருந்தால் எங்கே வருவாள், இந்திராணி பார்த்துக்கொள்வாள், பார்த்துக்கொள்வாளா. கே.கே. நகர் ஆர்ச் கிட்டத்தில் சிக்னல் சிவப்பு. "பிரேக், கிளட்ச், நியூட்ரல்." நசீமா பானு சுத்தமாக நிறுத்தினார், இவன் கால் வைக்கவே இல்லை, பாராட்ட வேண்டும் என்று வாயைத் திறந்தவன் அப்படியே இருந்துவிட்டான். மாட்டுத்தாவணிப் பக்கத்திலிருந்து வந்து வண்டிகளுக்கு நடுவே நுழைந்து நுழைந்து இவர்களுக்கு முன்னாலேயே ஒரு பைக் நின்றது. நின்றது என்று எப்படிச் சொல்வது. ஓட்டுகிறவனின் கால் தரையைத் தேடிற்று, கிடைக்கவில்லை, மறுபடி தேடிற்று, வண்டி இந்தப் பக்கம் சாய்ந்து அந்தப் பக்கம் நிமிர்ந்தது, பின்னால் இருந்தவள் சட்டென்று ஒரு காலைக் கீழே ஊன்றினாள். பழக்கப்பட்டவள் ஊன்றுகிற மாதிரி ஊன்றினாள். ஹெல்மெட் கண்ணாடியில் தொங்கியது. டேங்க் மேலே காதில் புதுத் தோட்டோடு ஒரு பிள்ளை.

ஓடுகிற ரோட்டில் கதவைத் திறக்காதீங்க என்று ஆயிரம் பேருக்குச் சொன்னவன் நடுரோட்டில் கதவைத் திறந்து இறங்கினான். முதலில் பிள்ளையைத் தூக்கினான், மாமா என்று அது சிரித்தது. அப்புறம் கையை நீட்டி பைக் சாவியை உருவினான். "என்ன மச்சான், நடுரோட்டுல, ஆளுக பாக்குறாங்க" என்றான் ஜெயபாண்டி, வாயில் பாக்கு மணம், பாக்குக்கு அடியில் அந்த இன்னொரு மணம். "உங்களைப் பாக்கத்தான் மச்சான் வந்துக்கிட்டிருக்கோம். கோர்ட்டுல தனியா நிப்பீங்கன்னு. அட, ராத்திரி சாப்பிட்டது மச்சான், குளிச்சிட்டுத்தான வர்றேன், இப்ப ஒண்ணுமில்ல." சோலைராஜுக்குக் கையை ஓங்க வந்தது, ஓங்க வந்த கையில் பிள்ளை இருந்தது, அதனால் அடிக்கவில்லை. "எறங்கு சுகுணா" என்றான். அவள் உடனே இறங்கிக் காரின் பின்கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டாள், இவன் பிள்ளையை அவள் மடியில் கொடுத்துவிட்டு முன்னால் ஏறினான். "வண்டியை ஓரமாத் தள்ளிக்கிட்டுப் போ மாப்ள. சாவி என்கிட்ட இருக்கட்டும்." ஜெயபாண்டி கூப்பிட்டுக்கொண்டே இருந்தான், கண்ணாடியை ஏற்றியதும் அவன் வாய் மட்டும் அசைந்தது. நசீமா பானு கண்ணாடியில் பின்னால் பார்த்தார், இவனைப் பார்த்தார்.

சிக்னல் இன்னும் சிவப்பாகவே இருந்தது. சோலைராஜ் பைக் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். என்ன செய்துவிட்டோம், இப்போது அழுவாள், அவரை ரோட்டுல நிறுத்திட்டியேண்ணே என்பாள், நானே எறங்கிப் போறேன் என்பாள். பின்னால் பிள்ளை ஏதோ பாடிக்கொண்டிருந்தது. சுகுணா அழவில்லை. "போனை ஏண்ணே எடுக்கலை?" என்றாள். இவன் திரும்பவில்லை. "நேர்ல சொல்லலாம்னுதான் அவரோட கெளம்புனேன். கோர்ட்டுல அவரு பேரைச் சொல்லிருண்ணே." இவன் திரும்பினான். அவள் ஜன்னல் வழியாகப் பைக்கைத் தள்ளிக்கொண்டு போகிறவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அன்னைக்குக் கதவுக்குப் பின்னால நின்னுக்கிட்டு இருந்தேன்ல, அப்பவே சொல்லிருக்கணும். வாய் வரலை." "உன்னை வெளிய அனுப்பிருவாங்கத்தா." "அனுப்பட்டும். ஒவ்வொரு நாளும் வண்டியில ஏறும்போது பிள்ளை உச்சந்தலையில கையை வெச்சு சாமி கும்பிட்டுத்தாண்ணே ஏறுறேன். எறங்குற வரைக்கும் எடுக்கிறதில்லை." எத்தனை நாள், எத்தனை தெரு, எத்தனை வளைவு, இவன் பாட்டுக்கு ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் பிரேக் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறான்.

சிக்னல் பச்சையானது. பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். நசீமா பானு ஃபர்ஸ்டு போட்டுவிட்டுப் பதறினார், "எந்தப் பக்கம் மாஸ்டர், பார்லருக்கா, ஸ்கூலுக்கா?" இவருக்குத் தெரிந்தால் அம்புரோஸ் சாருக்குத் தெரியும், சாருக்குத் தெரிந்தால் இந்த சீட்டில் நாளைக்கு வேறு ஆள். தெரியட்டும். "கோர்ட்டுக்குப் போங்க மேடம். எனக்கு அங்க ஒரு கேஸ் இருக்கு. குடிச்சிட்டு வண்டி ஓட்டுன கேஸ்." நசீமா பானு அவனை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். ரோட்டைப் பாருங்க என்று சொல்ல இவனுக்கு வாய் வரவில்லை. "ரெண்டு கேஸ்னு எழுதியிருப்பாங்க மேடம்" என்றான், பின்சீட்டுக்கும் கேட்கிற மாதிரிச் சத்தமாகவே சொன்னான். "ஒண்ணு எங்க மாப்பிள்ளையோடது. எனக்கு இதுதான் முதல் தடவை." நசீமா பானு இண்டிகேட்டரைப் போட்டு, கிளட்சை மெதுவாக விட்டார், வண்டி குலுங்காமல் நகர்ந்தது.